அம்மா ஏன் துள்ளேல்ல?

கொழும்புக்குப் போறது என்றால் எங்கட வீட்டில் மூன்றே காரணம்தான்: விசா, வருத்தம், கலியாணம். சும்மா சுற்றிப் பார்க்கவென்று யாரும் போனதில்லை. போன ஓகஸ்டில் நாங்கள் போனது நாலாவதாக ஒரு காரணத்துக்கு. ரொரன்ரோவில் இருக்கிற சித்தி ஒன்பது வருசத்துக்குப் பிறகு வந்திருந்தா. சித்தப்பாவின் ஆக்களைப் பார்த்து முடித்து அவை ஊருக்கு வர இன்னும் பத்து நாள் கிடந்தது. அந்தப் பத்து நாள் பொறுக்க அம்மாவால் ஏலவில்லை. தங்கச்சியைப் பார்க்க வெளிக்கிட்டுவிட்டா.

இதை எழுத முதல் அம்மாவிடம் கேட்டேன். “எழுது. என்ர பேரைப் போடாத” என்றா. எழுதி முடித்து வாசித்தும் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினா. அது எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

கொடிகாமத்தில் ரெயின் ஏறினோம். அம்மா, அப்பா, நான், தம்பி. கூடவே ஒரு உரப்பை முருங்கைக்காய், ஒடியல் மா, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை. காலையில் வெளிக்கிடும்போது அம்மா அரைக் கோப்பை தேத்தண்ணி குடித்தா. அதற்குப் பிறகு கோட்டையில் இறங்கும்வரை ஒரு சொட்டும் இல்லை. தம்பி சோடாவை நீட்டவும் “வேண்டாமப்பு” என்றா. எங்கட ஊரில் அம்மாக்கள் எல்லாரும் இப்படித்தான் பயணம் போவினம். பஸ்ஸிலும் சரி, ரெயினிலும் சரி, தண்ணி குடிக்க மாட்டினம். ஏறினவுடனே கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பினம். கைப்பைக்குள் ஒரு மாற்றுப் பாவாடை கிடக்கும். எல்லாரும் அப்படிச் செய்வதால் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படுவதில்லை.

வெள்ளவத்தையில் சித்தி ஆக்கள் ஒரு அனெக்ஸ் எடுத்திருந்தினம். சித்தியின் மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. இரண்டு பேருக்கும் கடலில் ஆர்வமில்லை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலும் ஆர்வமில்லை. போனில் தேடி ஒரு ட்ரம்போலின் பார்க்கைக் கண்டுபிடித்து வைத்திருந்தினம். அடுத்த நாள் பின்னேரம் எல்லாருமாக இரண்டு ஓட்டோவில் போனோம். அப்பா மட்டும் தண்ணி மோட்டருக்குச் சாமான் வாங்கப் புறக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்.

போகாத ஆக்களுக்காகச் சொல்கிறேன். வெளியால் பார்த்தால் ஒரு பெரிய களஞ்சியம் மாதிரி. உள்ளுக்குள் நிலம் முழுக்கக் கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு ட்ரம்போலின். இடையில் ஸ்பிரிங்குகளை மூடிச் செம்மஞ்சள் நிற மெத்தைக் கரைகள். சுவரும் சரிவாக ட்ரம்போலின்தான். ஒரு மூலையில் ஸ்பொஞ்ச் கட்டைகள் நிரப்பின குழி. ஓடிவந்து அதற்குள் பாயலாம். இன்னொரு மூலையில் பந்து போடுகிற வளையம். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். ரிக்கற் ஒரு மணித்தியாலத்துக்கு. அடியில் றப்பர் புள்ளி வைத்த சொக்ஸ் கட்டாயம் வாங்க வேண்டும். விலையை நான் பார்க்க முதல் சித்தி துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டா.

துள்ள முதல் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இருதய வருத்தம் உண்டா, முதுகு நோ உண்டா, கர்ப்பமா, கிட்டடியில் சத்திரசிகிச்சை ஏதும் நடந்ததா? இவை இருந்தால் துள்ளக் கூடாது. பிறகு சட்டங்கள். அதில் முக்கியமானது ஒரு சதுரத்தில் ஒரு ஆள்தான் என்பது. பாரமான ஆள் இறங்கும்போது விரிப்பில் சேருகிற விசை, அந்த நேரம் பக்கத்தில் நிற்கிற சின்ன ஆளுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளை தான் நினைத்ததை விடப் பல மடங்கு உயரத்துக்கு எறிபடும். ட்ரம்போலின் விபத்துகளில் கனக்க இப்படிப் பல பேர் ஒன்றாகத் துள்ளும்போது நடக்கிறவைதான். விசில் வைத்திருந்த பெடியன் ஒருத்தன் இதற்காகவே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

இந்தச் சாமானை உண்டாக்கினவர் ஜோர்ஜ் நிசன் என்ற அமெரிக்கர். சின்ன வயதில் சர்க்கஸ் பார்க்கப் போனபோது, உயரத்தில் ஊஞ்சலாடுகிற ஆக்கள் கடைசியில் கீழே கட்டியிருக்கிற வலையில் விழுந்து எழும்புவதைக் கண்டிருக்கிறார். விழுந்தவுடனே முடியாமல் தொடர்ந்து துள்ளினால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார். 1930களில் அயோவாப் பல்கலைக்கழகத்தில் லரி கிரிஸ்வோல்ட் என்பவரோடு சேர்ந்து முதல் ட்ரம்போலினைச் செய்தார். டைவ் அடிக்கிற பலகைக்கு ஸ்பானிய மொழியில் உள்ள சொல்லில் இருந்துதான் பெயரை எடுத்தார். 1960இல் நியூயோர்க் சென்ரல் பார்க்கில் ஒரு கங்காருவோடு சோடியாகத் துள்ளிப் படம் எடுத்தவரும் அவர்தான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரம்போலின் ஒரு போட்டியாகச் சேர்ந்தது. நிலத்தை முழுக்க ட்ரம்போலினால் மூடின இப்போதைய பார்க்குகள் 2004இல் லாஸ் வேகாஸில் தொடங்கியவை. அதெல்லாம் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ரிக்கற் எடுக்கும்போது சித்தி அம்மாவைப் பார்த்து, “அக்கா, நீங்களும் வாங்கோ” என்றா.

“உனக்கு விசரே? சீலையோட என்னெண்டு துள்ளுறது? நீங்கள் போங்கோ.”

இது முதலாவது காரணம்.

நாங்கள் உள்ளே போனோம். சித்திக்கு 41 வயது. கறுப்பு லெகின்ஸும் பெரிய ரீசேட்டும் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து துள்ளினா. முதலில் கொஞ்சம் பயந்து, பிறகு கையை விரித்து, பிறகு சத்தம் போட்டு. எனக்கு முதல் ஐந்து நிமிடம் யார் பார்க்கினம் என்றே யோசனை. பார்வையாளர் பக்கம் முழுக்கக் கதிரை, கதிரை முழுக்கப் போன், எல்லாப் போனும் உள்ளே திரும்பி இருந்தது. பிறகு அந்த யோசனை போய்விட்டது. மேலே போய், கீழே வர முதல் ஒரு அரைச் செக்கன் உடம்புக்குப் பாரமே இல்லாமல் நிற்கும். அந்த அரைச் செக்கனுக்காகத்தான் திரும்பத் திரும்பத் துள்ளத் தோன்றும்.

இடையில் தண்ணி குடிக்க வெளியே வந்தேன். அம்மா ஒரு கதிரையில். மடியில் மூன்று கைப்பை, பக்கத்தில் ஐந்து சோடிச் செருப்பு, கையில் சித்தியின் மகனின் மூக்குக்கண்ணாடி. சுற்றிப் பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த பெண்கள் கனபேர் இதே கோலத்தில்தான் இருந்தினம். சிங்களம், முஸ்லிம், தமிழ் என்று எல்லாரும். பை, செருப்பு, கண்ணாடி, மிச்சம் வைத்த ரோல்ஸ்.

“நான் வச்சிருக்கிறன், நீங்கள் பத்து நிமிசம் போங்கோ அம்மா” என்றேன்.

“இவ்வளவு சாமானையும் ஆர் பாக்கிறது?”

இது இரண்டாவது காரணம்.

பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கினா. “நாங்கள் துள்ளாமல் வளந்தனாங்களெண்டு நினைக்காத.” சித்திரை வருசத்துக்கு அம்மம்மா வீட்டு மாமரத்தில் ஊஞ்சல் கட்டுவினமாம். மொத்தக் கயிறு, இருக்கப் பலகை. பின்னேரம் ஒழுங்கையில் உள்ள பெண்கள் எல்லாரும் வருவினம். குமரிகள் மட்டுமில்லை; பிள்ளை பெற்றவை, பேரப்பிள்ளை கண்டவை எல்லாரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று உன்னி உன்னி ஆட்ட, நடுவில் ஒரு ஆள் இருப்பா. அம்மாவும் சித்தியும் நிற்கிற சோடி. ஆகக் கூடின உயரத்தில் கைவிட்டுக் குதிக்கிறதில் அம்மாவை யாரும் வெல்ல முடியாதாம். கொக்கான் வெட்டுறது, எட்டுக்கோடு, கிளித்தட்டு எல்லாவற்றிலும் சித்தி அவவுக்குப் பின்னாலதானாம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து பார்த்தால் மாமரம் இல்லை. அதற்குப் பிறகு அந்த வளவில் யாரும் ஊஞ்சல் கட்டவில்லை.

கதை சொல்லும்போது அம்மாவின் கண் முழுக்க உள்ளேதான், சித்தியில்தான் இருந்தது.

நான் கலைப்பீடத்தில் சமூகவியல் படிக்கிறேன். எங்களுக்கு உடுப்பைப் பற்றியும், பொது இடத்தைப் பற்றியும், பெண்ணுடலை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியும் கட்டுரை எழுதத் தெரியும். அம்மா சொன்ன முதல் இரண்டு காரணமும் அப்படி ஒரு கட்டுரைக்குள் அழகாகப் போய் இருக்கும். இரண்டும் உண்மையும்கூட. மூன்றாவது காரணம் அன்றிரவு வந்தது.

அனெக்ஸில் ஆம்பிளையள் முன்னறையில். நாங்கள் உள்ளறையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். கரையோர ரெயின் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சித்தி இருட்டில் சொன்னா: “அக்கா, ஒருக்காத் துள்ளியிருக்கலாமெல்லே. சீலையெல்லாம் சாட்டு. என்ர பாண்ட்ஸ் ஒண்டு பைக்குள்ள கிடந்தது.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முன்னறைக்குக் கேட்காத குரலில், “துள்ளினா எனக்கு மூத்திரம் போகுமடி” என்றா.

சித்தி சிரிக்கவில்லை. “எப்ப இருந்து?”

“தம்பி பிறந்ததில இருந்து.”

“பதினைஞ்சு வருசமோ?”

“பிள்ளைப் பெத்தா எல்லாருக்கும் உள்ளதுதானே. இருமினா, தும்மினா, பாரம் தூக்கினா. பழகிப்போச்சு.”

“எனக்கும் இருந்தது, அக்கா.”

நான் நித்திரை மாதிரிக் கிடந்தேன். பிறகு எழும்பி இருந்துவிட்டேன். ரெயினில் குடிக்காத தண்ணியும் பைக்குள் கிடந்த மாற்றுப் பாவாடையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அம்மா முன்பள்ளி ரீச்சர். தவளைப் பாட்டு, முயல் பாட்டு என்று எல்லாம் துள்ளுகிற பாட்டுகள். பிள்ளைகள் துள்ளுவினம், அம்மா கை தட்டுவா. தும்மல் வந்தால் ஒரு காலை மற்றக் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தும்முவா. அது அவவின் பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றிரவு சித்தி சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இடுப்பெலும்பின் அடியில், முன்னெலும்பில் இருந்து வால் எலும்பு வரைக்கும், ஒரு ஏணை மாதிரித் தசைகள் கட்டியிருக்கின்றன. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இருந்து தாங்குவது அதுதான். அதற்கு இடுப்புத்தளத் தசை என்று பெயர். கர்ப்பத்தில் மாதக்கணக்காகப் பாரம் சுமந்து, பிரசவத்தில் இழுபட்டு அது தளர்ந்துபோகும். பிறகு துள்ளும்போதோ தும்மும்போதோ வயிற்றுக்குள் அமுக்கம் திடீரென்று கூடும். தசை அதைத் தாங்க முடியாமல் விட்டுக்கொடுக்க, சிறுநீர் கசியும். இது உலகம் முழுக்கப் பெண்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிற ஒரு பிரச்சினை. சாதாரணம் என்பதால் வைத்தியம் இல்லை என்று அர்த்தமில்லை. “பிள்ளைப் பெத்தா அப்பிடித்தான்” என்ற வசனம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

பிள்ளை பெறாதவர்களுக்கும் இது வரும். 2002இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வு, போட்டிகளுக்குப் போகிற ட்ரம்போலின் வீராங்கனைகளையே எடுத்துக்கொண்டது. 35 பேர், சராசரி வயது 15, ஒருத்தியும் பிள்ளை பெற்றவளில்லை. அவர்களில் 28 பேர் துள்ளும்போது சிறுநீர் கசிவதாகச் சொன்னார்கள். அதாவது 80 சதவீதம். திடமான உடம்பு, தொடர்ந்த பயிற்சி, 15 வயது. அவர்களுக்கே அப்படி என்றால், இரண்டு பிள்ளை பெற்று, கிணற்றில் தண்ணி அள்ளி, நெல்லுமூட்டை தூக்கின 48 வயது அம்மா எதற்காக வெட்கப்பட வேண்டும்?

சித்திக்கு சின்னவன் பிறந்த பிறகு வந்திருக்கிறது. வேலையிடத்தில் கூட வேலை செய்கிற ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாளாம், தான் இதற்கு ஃபிசியோதெரபிக்குப் போவதாக. சித்தியும் போனா. அங்கேயும் அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. வேலையிடத்து இன்சூரன்ஸ் இருந்தபடியால் சித்திக்குக் கட்டுபடியாகியிருக்கிறது. ஒரே வளவில், ஒரே ஊஞ்சலில் நின்ற இரண்டு பேர். கைவிட்டுக் குதிக்கிறதில் முந்தினது அம்மா. 25 வருசத்துக்குப் பிறகு ஒருத்தி துள்ளுகிறா, மற்றவ செருப்புக்குக் காவல். இடையில் நடந்ததில் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி வாய் திறந்து சொன்ன வசனமும் ஒன்று.

எங்கட பக்கம் பிள்ளைப் பெற்ற பெண்ணை யாரும் கவனிக்கிறதில்லை என்று சொல்ல மாட்டேன். வேப்பமிலை போட்ட வெந்நீர், சரக்குக் கறி, பத்தியம், வயிற்றுக்குத் துணிக்கட்டு, 31ஆம் நாள் துடக்குக் கழிவு. மிட்வைப் வீடு தேடி வருவா, பிள்ளையை நிறுப்பா, தாய்ப்பால் பற்றிக் கேட்பா. அம்மாவின் கணக்கில் இவையெல்லாம் நடந்திருக்கின்றன. கசிவைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. “அதை என்னெண்டு சொல்லுறது?” என்று கேட்டா. ட்ரம்போலின் பார்க்கின் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

பயிற்சி என்னவென்றால், சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குவோமோ அதே தசையை உள்ளே இழுத்து மேலே தூக்கிப் பிடிப்பது. மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பின்பக்கம் இறுகக் கூடாது. சில செக்கன் பிடித்து, முழுக்கத் தளர்த்தி, திரும்பவும். ஒரு தரத்துக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தரம், குறைந்தது மூன்று மாதம். 1948இல் ஆர்னோல்ட் கீகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் எழுதிப் பரவியதால் இதைக் கீகல் பயிற்சி என்பார்கள். காசு தேவையில்லை, இடம் தேவையில்லை, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் தெரியாது. ஆனால் முதலில் ஒரு வைத்தியரிடம் காட்டுவது நல்லது. கர்ப்பப்பை இறக்கம், சலக்கிருமி, சீனி வருத்தம் போன்றவையும் பின்னால் இருக்கலாம். தண்ணி குடிக்காமல் விடுவது வைத்தியமில்லை. சிறுநீர் செறிந்துபோய்ச் சலப்பையை இன்னும் எரிச்சலாக்கும், மலச்சிக்கல் வந்து முக்க வேண்டியும் வரும்.

எம்.ஓ.எச். அலுவலகங்களில் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ‘வெல் வுமன் கிளினிக்’ நடக்கிறது. 1996இல் தொடங்கினது. இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பினம். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியும். முன்பள்ளிக்கு வருகிற தாய்மாருக்கு அவவே சொல்லி அனுப்பியிருக்கிறா. தான் போனதில்லை.

செப்ரெம்பரில் போனா. நானும் கூடப் போனேன். வாசல் மட்டும்தான் விட்டா; “உள்ளுக்கு நான் கதைக்கிறன்” என்றா. உள்ளே என்ன கதைத்தா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வெளியே வந்து, “அந்தப் பிள்ளை சிரிக்கேல்ல” என்றா. அவ்வளவுதான். பதினைந்து வருசமாக இவ பயந்தது வருத்தத்துக்கு அல்ல, யாராவது சிரிப்பினமோ என்றுதான் என்பது அந்த ஒரு வசனத்தில் தெரிந்தது.

இப்போது ரீவியில் நாடகம் ஓடும்போது அம்மாவின் முகம் இடைக்கிடை ஒரு மாதிரி யோசனையில் நிற்கும். எண்ணிக்கொண்டிருக்கிறா என்று எனக்கு விளங்கும். அப்பா “என்ன, கதை விளங்கேல்லையோ?” என்று கேட்பார். அம்மா கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லுவா. முழுக்கச் சுகம் என்று சொல்ல முடியாது. தும்மும்போது காலை ஒட்டிப் பிடிக்கிறது இன்னும் இருக்கிறது. முன்பள்ளியில் தவளைப் பாட்டுக்கு இப்போதும் கைதான் தட்டுகிறா.

நான் கம்பசில் நாலு சிநேகிதிகளிடம் இதைச் சொன்னேன். இரண்டு பேர் தங்கள் அம்மாக்களும் பயணத்தில் தண்ணி குடிக்க மாட்டினம் என்றார்கள். ஒருத்தி, கூடைப்பந்து விளையாடுகிறவள், கொஞ்சம் பொறுத்து, “எனக்கே இருக்கடி” என்றாள்.

உங்கட அம்மா பஸ்ஸில் தண்ணி குடிக்கிறவவோ? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒருக்காக் கவனித்துப் பாருங்கோ. கேட்கிறதென்றால் இருட்டில், பாயில் படுத்திருக்கும்போது, பக்கத்தில் அவவின் தங்கச்சியோ அக்காவோ இருக்கும்போது கேளுங்கோ. அப்போது சொல்வது கொஞ்சம் லேசு.